பழைய பெட்டிக்கு மெருகேற்றுதல்

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568-ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூத ஜெபாலயத்தை அடுத்த தெருவில் பழம்பொருள் கடைகள் பல உண்டு. கூரை போன்ற மூடியும் பித்தளைப் பூணும் கொண்ட நெட்டூர்ப் பெட்டியை அங்கே காணலாம். மலையாள நாட்டார் நகை வைத்த பெட்டி அது. அவ்வாறான ஒன்று உங்கள் இல்லத்துப் பரணிலும் இருக்கக்கூடும்.

புதுப்பிக்க எண்ணுவோர் உப்புத்தாளைத் தொடாதிருப்பது நலம். தலைமுறைகளின் கைபட்டுக் கறுத்த மேற்பரப்பே பெட்டியின் வயதுக்குச் சான்று. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் எந்தப் பூச்சும் அதை மீட்டுத் தராது, விலையும் சரியும்.

முதலில் தூசியைத் தூரிகையால் அகற்றுக. பிறகு, பின்புற ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் இட்டுப் பார்க்க, பூச்சு பிசுபிசுத்தால் அது அரக்குப் பூச்சு. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை அதன்மேல் மெல்லியதாகத் தடவினால் பழையதும் இளகிப் புதியதோடு ஒன்றுபடும். ஆனால் மழைக்காலத்தில் வேண்டாம். காற்றின் ஈரம் பட்டு வெண்மையாகப் பூத்துவிடும். கொச்சியைப் போன்ற கடற்கரை ஊர்களில் இதில் தனிக் கவனம் தேவை.

எண்ணெய் மெருகிட்ட மரமாயின் ஆளிவிதை எண்ணெயே போதும். ‘லீ என்ஃபீல்டு’ ராணுவத் துப்பாக்கிகளின் மரக்கட்டைக்கும் அதைத்தான் ஊட்டினர். துளியளவு தொட்டுத் தேய்த்து, மிகுதியைத் துடைத்துவிடுக. துடைத்த துணியைச் சுருட்டி எறிதல் ஆகாது. இவ்வெண்ணெய் உலரும்போது காற்றோடு சேர்ந்து வெப்பத்தை உண்டாக்கும்; சுருண்ட துணி தானாகவே தீப்பற்றும். அதை நீரில் அமிழ்த்தி வைக்கவேண்டும். இன்றேல் வெளியே விரித்து உலர்த்தவேண்டும்.