அப்பா எழுதிய பழைய உயில்... அப்படியே விடலாமா? மாற்றச் சொல்வது எப்படி?

"அப்பாதான் அப்பவே உயில் எழுதி வச்சிட்டாரே, இனி என்ன?" பல வீடுகளில் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் 20 வருஷத்துக்கு முந்தைய உயில், அப்பா நினைத்ததற்கு நேர்மாறாக முடியவும் வாய்ப்பு உண்டு.

என்ன சிக்கல்?

'வீடு மகனுக்கு, தாம்பரம் மனை மகளுக்கு' என்று 2003-ல் ஒருவர் உயில் எழுதியதாக வைத்துக்கொள்வோம். பிறகு மருத்துவச் செலவுக்காக மனையை விற்றுவிட்டார், உயிலை மாற்றவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு வீடு மகனுக்குப் போகும். மகளுக்கு? இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 152-ன்படி, குறிப்பிட்டு எழுதிய சொத்து கையில் இல்லை என்றால் அந்தப் பங்கும் இல்லை. (முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் உண்டு.)

எப்போது மாற்ற வேண்டும்?

* சொத்தை விற்றால் அல்லது புதிதாக வாங்கினால்
* உயிலில் பெயர் உள்ளவர் இறந்துவிட்டால்
* சாட்சிகள் இருவரும் உயிரோடு இல்லை என்றால் (நீதிமன்றத்தில் உயிலை நிரூபிப்பது சிரமம்)

பெற்றோரிடம் எப்படிப் பேசுவது?

"எனக்கு என்ன எழுதியிருக்கீங்க?" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மேலே சொன்ன வீட்டில் மகள் பேசினால் பங்கு கேட்பது போல ஆகிவிடும். லாபம் அடையப்போகும் மகனே பேசுவதுதான் சரி. "அப்பா, மனையைத்தான் வித்துட்டோமே, உயில்ல இன்னும் அது இருக்கே. தங்கச்சிக்கு ஒண்ணும் இல்லாமப் போயிடும். ஒரு தடவை எடுத்துப் பாக்கலாமா?" என்று கேட்கலாம்.

அதற்காகத் தினமும் நச்சரிக்கக் கூடாது. மிரட்டியோ, ஏமாற்றியோ, விடாமல் நெருக்கியோ எழுத வைத்த உயில் பிரிவு 61-ன்படி செல்லாது. வக்கீலிடம் அப்பா தனியாகப் பேசட்டும்.

மாற்றுவது கஷ்டமா?

இல்லை. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். 'இதற்கு முன் எழுதிய உயில்களை ரத்து செய்கிறேன்' என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அப்பா கையெழுத்துப் போட, குறைந்தது 2 சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் அப்பாவைவிட வயது குறைந்தவர்களாகவும், உயிலில் பங்கு பெறாதவர்களாகவும் இருப்பது நல்லது.

பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பின்னாளில் சந்தேகம் எழுந்தால் உதவும். பழைய உயிலைப் பதிவு செய்திருந்தாலும், முறைப்படி எழுதிய கடைசி உயில்தான் செல்லும். அது எந்த பீரோவில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.