கடையில் காயமுற்றால் என் செய்வது?

மாக் மண்டினில் பொருள் வாங்கச் சென்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், கடைத் தரையில் துடைக்கப்படாத எண்ணெயில் வழுக்கி விழுந்து கை முறிந்தார் என்று கொள்வோம். கையே அவருக்கு முதல். 'தலைவிதி' என்று வாளாவிருக்கலாமா?

வேண்டியதில்லை. வாடிக்கையாளருக்குத் தீங்கு நேராவண்ணம் நியாயமான கவனம் செலுத்துவது கடைக்காரரின் கடமை. ஸ்காட்லாந்தில் கடை ஊழியராயிருந்த மே டோனகூ, தாம் அருந்திய பானத்தின் போத்தலில் நத்தை கிடந்ததாக வழக்காடினார். வறியவராயினும் அவர் பிரபுக்கள் சபை வரை சென்றார். பிறரைப் பாதிக்கும் கவனக்குறைவுக்குப் பொறுப்புண்டு என்ற கொள்கையை 1932இல் அச்சபை உறுதிப்படுத்தியது. நம் நீதிமன்றங்களும் அதனை ஏற்றுள்ளன.

ஆயினும் கவனக்குறைவை நாம்தான் மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே உடனே மேலாளரிடம் தெரிவித்து, இடத்தைப் படமெடுத்து, கண்டவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்க. மருத்துவச் சான்றையும் பற்றுச்சீட்டுகளையும் பத்திரப்படுத்துக. சிறுதொகை பெற்றுக்கொண்டு, படித்தறியாத தாளில் கையொப்பமிடாதீர். நம் தவறும் கலந்திருப்பின் அதற்கேற்ப இழப்பீடு குறையும்.

தீபகற்ப மலேசியாவில் இத்தகைய வழக்கிற்குப் பொதுவாக 6 ஆண்டுக் கெடு உண்டு. எனினும் சாட்சியங்கள் மறையுமுன் வழக்கறிஞரை நாடுதலே நன்று. 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டப்படி, வென்றால் மட்டுமே கட்டணம் என வழக்கறிஞர் ஒப்பந்தம் செய்தலாகாது. அவ்வாறு ஆசை காட்டும் தரகரை நம்பவேண்டாம். வசதி குறைந்தோர், தம் வழக்கு சட்ட உதவிக்கு உரியதா எனச் சட்ட உதவித் துறையில் கேட்டறியலாம்.

உரிமையை அறிந்தவரே அதனைக் காக்க வல்லார்.