தூக்கத்தில் செத்த சிறுமி: 30 ஆண்டு தாண்டியும் ஓயாத ‘ஏலியன்’ ரசிகர் சண்டை

விண்கலத்தில் தூங்கிக் கொண்டிருந்த ஒரு சிறுமி செத்துப் போனாள். 1992-ல் நடந்த அந்தச் சாவுக்கு ஹாலிவுட் பட ரசிகர்கள் இன்னும் நியாயம் கேட்கிறார்கள்!

செத்தது நிஜச் சிறுமி அல்ல. ‘ஏலியன்’ படங்களில் வரும் நியூட் என்ற பாத்திரம்தான்.

முதல் படம் 1979-ல் வந்தது. டைரக்டர் ரிட்லி ஸ்காட். விண்கலத்துக்குள் புகுந்த ஒரு பூதம், ஊழியர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக் கட்டுகிறது. மிஞ்சியது ரிப்ளி என்ற பெண்ணும் ஒரு பூனையும்தான். ரிப்ளியாக நடித்தவர் சிகோர்னி வீவர்.

இரண்டாவது படம் 1986-ல் வந்தது. டைரக்டர் ஜேம்ஸ் கேமரூன். பெற்றோரைப் பறிகொடுத்து ஒளிந்து கிடந்த நியூட்டை, ரிப்ளி உயிரைப் பணயம் வைத்து மீட்கிறாள். ஹிக்ஸ் என்ற சிப்பாயும் பிழைக்கிறான். ஜனங்கள் நிம்மதியாக வீடு திரும்பினார்கள்.

தண்ணீரில் மூழ்கி...

ஆனால் 1992-ல் வந்த ‘ஏலியன் 3’ படத்தில், தொடங்கிய சில நிமிஷங்களிலேயே விபத்து! தூங்கும் பெட்டியில் தண்ணீர் புகுந்து நியூட் சாவு. ஹிக்ஸும் பலி. சிறுமிக்குப் பிரேதப் பரிசோதனை வேறு!

“இதற்கா அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றினாள்?” என்று ஒரு கட்சி கொதிக்கிறது. கேமரூனே பின்னாளில் குறை சொன்னார்.

“எல்லாவற்றையும் இழந்தவள்தான் ரிப்ளி. விண்வெளிக்கு இரக்கம் ஏது?” என்கிறது எதிர்க்கட்சி.

டைரக்டர் டேவிட் பின்ச்சருக்கு அதுதான் முதல் படம். படப்பிடிப்பு தொடங்கியபோது கதைகூட முழுசாக முடியவில்லை. பிற்பாடு அவரே அந்தப் படத்தைக் கைகழுவி விட்டார்.

கண் இல்லாத பூதம்

சண்டை இத்தோடு நிற்கவில்லை. பூதத்தின் தலைக்கும் தகராறு!

அதை வரைந்தவர் சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர். கீகர். வழவழப்பான நீண்ட தலை, கண்ணே கிடையாது. எங்கே பார்க்கிறது என்று தெரியாததுதான் பயமே. கேமரூன் அந்த வழவழப்பு மூடியை எடுத்துவிட்டு, வரிவரியான தலையைக் காட்டினார். முட்டையிடும் ராணியையும் சேர்த்தார். “பூதத்தை எறும்பாக்கி விட்டார்” என்பது கீகர் பக்தர்களின் புகார். “முட்டை பின்னே எங்கிருந்து வரும்?” என்று மற்றவர்கள் மடக்குகிறார்கள்.

செத்தவர் முகம்

2024-ல் வந்த ‘ஏலியன்: ரோமுலஸ்’ படத்தில் புது வம்பு. முதல் படத்தில் எந்திர மனிதனாக நடித்த இயன் ஹோம் 2020-ல் காலமானவர். அவர் முகத்தைப் பொம்மையாலும் கம்ப்யூட்டராலும் திரும்பக் கொண்டு வந்தார்கள். குடும்பத்தார் சம்மதம் இருந்தும் பல ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். “செத்தவரை நடிக்க வைக்கலாமா?” என்று கேட்டார்கள்.

முகம் சரியாக வரவில்லை என்பதை டைரக்டர் பெடே அல்வாரஸே ஒப்புக்கொண்டார். வீடுகளுக்கு வந்த பதிப்பில் கம்ப்யூட்டர் வேலையைக் குறைத்து, பொம்மையை அதிகம் காட்டினார்.

அப்படியானால் நியூட், ஹிக்ஸ் கதையையும் திருத்தலாமே?

முயற்சி நடந்தது. 2015-ல் டைரக்டர் நீல் புளொம்காம்ப், ஹிக்ஸ் உயிரோடு இருப்பதுபோல் ஓவியங்கள் வெளியிட்டார். ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் அந்தப் படம் கைவிடப்பட்டது.

நியூட் செத்தது செத்ததுதான். சண்டைதான் சாகவில்லை!