காரணமின்றி ஒரு படபடப்பு

தேர்வு அறையில் வினாத்தாளைக் கையில் வாங்கும்போது உங்கள் நெஞ்சு படபடக்கிறது அல்லவா? அது சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் வேலை. அவை சுரக்கும் அட்ரினலின், நார்அட்ரினலின் என்னும் ஹார்மோன்கள் இதயத்தை விரைவுபடுத்துகின்றன. இரத்தக் குழாய்களை இறுக்குகின்றன.

மிக அரிதாக, இச்சுரப்பியின் உட்பகுதியில் ஒரு கட்டி தோன்றி, அச்சத்துக்குக் காரணமே இல்லாதபோதும் இந்த ஹார்மோன்களை வாரி இறைக்கும். 1912-இல் லுட்விக் பிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதற்கு ஃபியோகுரோமோசைட்டோமா என்று பெயரிட்டார். வாயில் எளிதில் நுழையாத பெயர்தான்!

கருவுற்ற தாய்க்கு இக்கட்டி இருந்தால் என்ன ஆகும்? வளரும் கருப்பை அதை அழுத்தினாலே போதும், ஹார்மோன் பீறிடலாம். தலைவலி, வியர்வை, படபடப்பு, திடீரென ஏறும் இரத்த அழுத்தம்! கருவுற்றோரிடம் 20-ஆம் வாரத்துக்குப் பின் காணப்படும் சாதாரண இரத்தக் கொதிப்பு என்றே இதை எண்ணிவிட வாய்ப்புண்டு. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கண்டறியப்படாத கட்டி, பேற்றின்போது தாயின் உயிரையே பறிக்கக்கூடும். குழந்தைக்கும் கேடுதான். நச்சுக்கொடியைக் கடந்து ஹார்மோன் மிகக் குறைவாகவே செல்லும். ஆனால் கருப்பையின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் குழந்தைக்குக் கிட்டும் பிராணவாயு குறைந்துவிடும்.

ஐயம் எழுந்தால், ஹார்மோன் சிதைந்து உண்டாகும் மெட்டானெஃப்ரின்களைச் சிறுநீரிலோ இரத்தத்திலோ அளக்கலாம். கட்டியின் இடத்தைக் காட்டக் காந்த அதிர்வுப் படம் உதவும். அதில் எக்ஸ் கதிர் இல்லை.

மருந்து கொடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஹார்மோனைப் பெற்றுக்கொள்ள உடலில் ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகள் உள்ளன. ஆல்ஃபா குழாய்களை இறுக்கும். பீட்டா இதயத்தை முடுக்கும். சில குழாய்களைத் தளர்த்தவும் செய்யும். படபடப்பை அடக்க எண்ணி முதலில் பீட்டாவை அடைத்தால், தளர்த்த ஆளின்றி அழுத்தம் மேலும் எகிறும்! ஆகவே முதலில் ஆல்ஃபாவை அடைக்கும் மருந்து. தேவையானால் அதன் பிறகே பீட்டாவுக்கு.

24-ஆம் வாரத்துக்குள் நோய் தெரிந்தால், மருந்தால் உடலை ஆயத்தப்படுத்திக் கட்டியை அகற்றுவது வழக்கம். பிந்தித் தெரிந்தால், மருந்தால் அழுத்தத்தை அடக்கிக்கொண்டு பேறு வரை காத்திருப்பார்கள். அறுவையின்போது கட்டியைத் தொட்டாலே அழுத்தம் ஏறும்; அதன் இரத்த நாளத்தைக் கட்டியதும் மளமளவென்று சரியும். மயக்க மருத்துவர் இரண்டுக்கும் மருந்தைத் தயாராக வைத்திருப்பார்.