கிளம்பாத ஜெட் ஸ்கி: முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

ஜெட் ஸ்கி கிளம்பவில்லை என்றால் கை தானாகவே ஸ்டார்ட் பட்டனை மறுபடியும் அழுத்தும். அது பைக்கில் பழகிய கை. பைக்கில் இதனால் பெரிய கேடு வராது. பேட்டரி இறங்கும், பிளக் பெட்ரோலில் நனையும், அவ்வளவுதான். நீரில் ஓடும் வண்டியில் அதே பழக்கம் இன்ஜினையே உடைத்துவிடக்கூடும். பெட்ரோல் வருகிறதா, கரண்ட் வருகிறதா என்று வழக்கமாகக் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் முன்பாக இங்கே வேறொரு கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்பது என் வாதம்: தண்ணீர் எங்கே இருக்கிறது? சிலிண்டருக்குள் தண்ணீர் இல்லை என்று உறுதியாகும்வரை அந்தப் பட்டனைத் தொடக் கூடாது. மிகையான எச்சரிக்கையாகத் தோன்றலாம். வண்டி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் அப்படித் தோன்றாது.

அமெரிக்க மோட்டோகிராஸ் வீரரான கிளேட்டன் ஜேக்கப்சன், தண்ணீரில் ஓட்டும் மோட்டார் சைக்கிள் ஒன்றை 1960-களில் கற்பனை செய்து மாதிரிகள் கட்டிப் பார்த்தார். கனடாவின் பம்பார்டியே நிறுவனம் 1968-ல் சீ-டூ என்ற பெயரில் உட்கார்ந்து ஓட்டும் வண்டியைக் கொண்டுவந்தது. அந்த முயற்சி அப்போது நிலைக்கவில்லை. ஜப்பானின் கவாசாகி 1973-ல் நின்றுகொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கியை வெளியிட்டது. 400 சிசி, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். யமஹாவும், திரும்பி வந்த சீ-டூவும் 1980-களின் பிற்பகுதியில் சேர்ந்துகொண்டன. அடிப்படை ஏற்பாடு அன்று முதல் இன்றுவரை ஒன்றுதான். மூடிய உடலுக்குள் இன்ஜின். அதன் தண்டு நேராகப் பின்னால் போய் ஒரு பம்பின் இம்பெல்லரைச் சுற்றுகிறது. அடிப்பக்கக் கம்பித்தட்டி வழியாக உறிஞ்சப்படும் நீர், பின்பக்கக் குறுகிய வாயில் வேகமாகப் பீய்ச்சப்படும்போது வண்டி முன்னே பாய்கிறது. கிளட்ச் கிடையாது, இன்ஜின் சுற்றினால் இம்பெல்லரும் சுற்றும். அதே பம்பு தள்ளும் நீரில் ஒரு பங்கு குழாய் வழியாகத் திரும்பி வந்து எக்ஸாஸ்ட்டையும், பல மாதிரிகளில் இன்ஜினையும் குளிர்வித்துவிட்டு வெளியேறுகிறது. ஆக, தண்ணீர் இந்த இன்ஜினுக்கு வெளியே நிற்கும் எதிரி அல்ல. வடிவமைப்பே அதை உள்ளே அழைத்துச் சுற்றிவரச் செய்கிறது. எக்ஸாஸ்ட்டில் ஓடும் புகையின் வேகம்தான் அந்த நீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் நின்றால் தள்ளுவதற்கு ஆளில்லை.

தண்ணீர் சிலிண்டருக்குள் நுழையும் வழிகளை இதிலிருந்தே ஊகிக்கலாம். வண்டி கவிழ்ந்தபின் தவறான பக்கமாகப் புரட்டினால் எக்ஸாஸ்ட்டில் தேங்கிய நீர் இன்ஜினை நோக்கி ஓடும். எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் அம்புக்குறி இதற்காகத்தான். வடிகால் மூடிகளைப் பூட்ட மறந்து நீரில் இறக்கினால் உடலுக்குள் தண்ணீர் ஏறி, காற்று இழுக்கும் வாயை எட்டும். மூன்றாவது வழிதான் அதிகம் வருத்தம் தருவது, ஏனென்றால் அக்கறையுள்ளவர்களே அதைச் செய்கிறார்கள். உப்பைக் கழுவுவதற்குத் தோட்டக் குழாயை மாட்டும்போது, இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது குழாயை முதலில் மூடிவிட்டு, அதன் பிறகே இன்ஜினை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் எக்ஸாஸ்ட் நிரம்பி, நீர் பின்னோக்கி சிலிண்டருக்குள் ஏறும். கிளம்பாத வண்டியில் குழாயைத் திறந்துவிட்டுப் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பவர், ஒவ்வொரு அழுத்தலிலும் எக்ஸாஸ்ட்டை இன்னும் கொஞ்சம் நிரப்புகிறார். சின்னக் கோளாறாக ஆரம்பித்தது பெரிய பழுதாக வளர்வது இப்படித்தான்.

காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேல்முனைக்கு வரும்போது அதன் தலைக்குமேல் மிஞ்சும் இடம் மிகக் குறைவு. ஒரு காபி டம்ளரில் பாதிகூட இருக்காது. அதைவிட அதிகமான நீர் அங்கே இருந்தால் பிஸ்டன் மேலே வர முடியாது. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஸ்டார்ட்டர் மோட்டார் அவ்வளவு பலசாலி இல்லையே, நீர் தடுத்தால் அது ‘டக்’ என்று நின்றுவிடும், அதனால் என்ன உடையப்போகிறது? பெரும்பாலான நேரங்களில் அது உண்மைதான். ஆனால் இந்த இன்ஜின்களில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்கள் உண்டு. ஒன்றில் தண்ணீர் நிற்க, பக்கத்துச் சிலிண்டரில் நெருப்புப் பிடித்துவிட்டால் கிராங்கைத் தள்ளுவது ஸ்டார்ட்டர் அல்ல, வெடிப்பின் முழு விசை. கனெக்டிங் ராடு வளைவது அந்த நொடியில்தான். பட்டனை அழுத்துபவர் வேண்டி நிற்பதும் அதே நொடியைத்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனவே முதல் வேலை சீட்டைக் கழற்றுவது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய உடலின் அடியில் தேங்கி நிற்கும். சில நிமிடம் திறந்துவைத்து, வாடை போனபிறகே மின்சாரம் தொடர்பான எதையும் தொட வேண்டும். அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு பிளக்குகளைக் கழற்றுங்கள். முனையில் நீர்த்துளியோ பால் கலந்தது போன்ற சாம்பல் குழம்போ இருந்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பிளக் இல்லாத நிலையில் இன்ஜினைச் சுற்றினால் நீர் துளைகள் வழியே பீறிட்டு வெளியேறும். தடுக்க எதுவும் இல்லாததால் எதுவும் வளையாது. ஆனால் அந்தப் பீய்ச்சலில் பெட்ரோலும் கலந்திருக்கும். பிளக் வயர்களை இன்ஜின் உலோகத்தோடு எர்த் செய்யாமல் விட்டால் ஒரு பொறி போதும், தீப்பற்றிவிடும். சீ-டூவின் பல மாதிரிகளில் இதற்கென்றே வயர்களைச் செருகும் முனைகள் இருக்கின்றன. நீர் வெளியேறியதும் சிலிண்டருக்குள் எண்ணெய் தெளித்து, அன்றைக்கே இன்ஜினை ஓட வைக்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் பேரிங்குகளுக்குக் கிடைப்பது பெட்ரோல் கலவையோடு வரும் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. கடல் நீர் பட்ட எஃகு மறுநாள்வரை காத்திருக்காது. ஃபோர்-ஸ்ட்ரோக் ஆனால் எண்ணெய் அளக்கும் குச்சியையும் பாருங்கள். எண்ணெய் வெளுத்திருந்தால் ஒருமுறை மாற்றினால் போதாது. தெளிந்து வரும்வரை மாற்ற வேண்டும்.

தண்ணீர் இல்லையென்று தெரிந்த பிறகு பட்டனை அழுத்தலாம். இப்போது அது பயனுள்ள கருவி, ஏனென்றால் காதுக்குப் பதில் சொல்கிறது. சத்தமே இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது ஓட்டுநரின் உடலோடு பிணைக்கும் பாதுகாப்புக் கயிற்றை. அதன் முனை சரியாகப் பொருந்தவில்லை என்றால் மின்சுற்று திறந்தே கிடக்கும். வெறும் ‘கிளிக்’ சத்தம் மட்டும் வந்தால் பேட்டரியும் அதன் இணைப்புகளும். திரையில் விளக்கு எரிகிறது, ஆகவே பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். அந்த வாதம் நிற்காது. திரை இழுப்பது மிகச் சிறிய மின்னோட்டம். ஸ்டார்ட்டர் இழுப்பதோ 100 ஆம்பியருக்கும் மேல். டெர்மினலில் பச்சைக் களிம்பு படிந்து 0.02 ஓம் தடை மட்டும் உண்டானாலும், 150 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 3 வோல்ட் தொலைந்துபோகும். திரைக்கு அது தெரியாது, ஸ்டார்ட்டருக்குத் தெரியும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, கிராங்க் செய்யும்போது 10-க்குக் கீழே சரிந்தால் அதைச் சந்தேகியுங்கள். சரியாமல் இருந்தும் இன்ஜின் சுற்றவில்லை என்றால் இணைப்பு அல்லது ரிலே. நல்ல பேட்டரியும் சரிந்தால் இம்பெல்லரில் சிக்கிய கயிறாக இருக்கலாம். கிளட்ச் இல்லாததால் பின்னால் சுற்றிக்கொண்ட ஒரு நைலான் கயிறு முன்னால் இருக்கும் இன்ஜினையே பூட்டிவிடும். அதை எடுக்கக் கையை உள்ளே விடும் முன் பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றியாக வேண்டும்.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் மீண்டும் பிளக்கைப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் குறை, அல்லது அளவுக்குமீறி ஊற்றிவிட்டது. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் கிடையாது. பிஸ்டன்கள் ஏறி இறங்கும்போது கிராங்க் அறையில் மாறிமாறி எழும் அழுத்தமே ஒரு மெல்லிய டயாஃப்ரத்தை அசைத்துப் பெட்ரோலை இழுக்கிறது. அந்த டயாஃப்ரம் விறைத்துப்போனாலோ, அழுத்தம் கொண்டுவரும் குழாய் வெடித்தாலோ எவ்வளவு சுற்றினாலும் துளி வராது. 1990-களின் பல சீ-டூ மாதிரிகளில் வந்த சாம்பல் நிறக் குழாய்களின் உள்சுவர் காலப்போக்கில் கரைந்து பச்சைப் பசையாகி, கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்ன வடிகட்டியை அடைத்துவிடும். இது ஸ்டார்ட் ஆகாததோடு முடியும் தொல்லை அல்ல. பாதி அடைத்த வடிகட்டியோடு ஓடும் இன்ஜினுக்குப் பெட்ரோல் குறையும், காற்று மிகும், சூடு ஏறும். பிஸ்டன் உருகி ஓட்டை விழும். அத்தகைய குழாய் இன்னும் இருக்கும் வண்டியை வாங்குபவர், ஓட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. எத்தனால் இன்னொரு கவலை. அது ஈரத்தை இழுக்கும்; அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் வாய் இருக்கும் இடமும் அதுதான். பெரும்பாலான தயாரிப்பாளர்களின் கையேடுகள் 10 சதவீத எத்தனால் வரையே அனுமதிக்கின்றன. இந்தியப் பம்புகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதக் கலவை. நம் கடற்கரைகளில் ஓடும் வண்டிகளை டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது இதனால்தான் ஆபத்து.

பெட்ரோலும் பொறியும் இருந்தும் பிடிக்கவில்லையா, கம்ப்ரஷன் அளவியை மாட்டுங்கள். த்ராட்டிலை முழுக்கத் திறந்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் பொய்யாகக் குறையும். டூ-ஸ்ட்ரோக்கில் 120 முதல் 150 பிஎஸ்ஐ வரை இருப்பது வழக்கம். சிலிண்டர்களுக்கு இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அது பட்டறைக்குப் போக வேண்டிய இன்ஜின்.

அனுபவமுள்ள மெக்கானிக் இந்த வரிசையெல்லாம் பார்ப்பதில்லையே, பாதி நேரம் பேட்டரிதான் என்று நேராக அங்கே போகிறாரே என்று கேட்கலாம். அவருடைய ஊகம் பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் சோதனைகளை அடுக்குவதற்கு வாய்ப்பின் அளவு மட்டும் போதாது. ஊகம் தவறினால் என்ன விலை என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும். பேட்டரி என்று நினைத்து ஏமாந்தால் அரை மணி நேரம் போகும். தண்ணீர் இல்லை என்று நினைத்து ஏமாந்தால் இன்ஜின் போகும். பிளக்கைக் கழற்ற ஒரு சாவியும் சில நிமிடமும் போதும். இவ்வளவு மலிவான சோதனை இவ்வளவு பெரிய சேதத்தைத் தடுக்கும்போது அது அரிதான கோளாறு என்பது அதைத் தவிர்க்கக் காரணமாகாது.

புதிய வண்டிகளில் கணினி இருக்கிறது, கோளாறு எண்ணைத் திரையிலேயே காட்டும் என்பது இன்னொரு மறுப்பு. 2002-ல் யமஹா, ஹோண்டா, சீ-டூ மூன்றும் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளைக் கொண்டுவந்த பிறகு சோதிக்கும் வேலை எவ்வளவோ எளிதாகிவிட்டது. சாவி போட்டதும் டேங்குக்குள் மின்பம்பு இரண்டு நொடி முனகுவதைக் காதால் கேட்டே பாதி தெரிந்துகொள்ளலாம். ஆனால் கணினிக்குத் தெரிவது சென்சார் சொல்வது மட்டும். சிலிண்டருக்குள் நிற்கும் நீரைப் பார்க்க அங்கே சென்சார் இல்லை. தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியும். சீ-டூவின் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் த்ராட்டிலை முழுக்க அழுத்தியபடி பட்டனை அழுத்தினால், பெட்ரோலும் பொறியும் நின்று இன்ஜின் வெறுமனே சுற்றும். மூழ்கிய இன்ஜினை வடிப்பதற்கென்றே வைத்த ஏற்பாடு அது. கழற்றிய பிளக்கோடுதான் அதைப் பயன்படுத்த வேண்டும்.

நடுக்கடலில் வண்டி நின்று, இன்னொரு படகு கயிறு போட்டு இழுத்து வரும்போதுதான் இவ்வளவும் சோதனைக்கு உள்ளாகிறது. வேகமாக இழுத்தால் பம்பு வழியே நீர் அழுத்தத்தோடு உள்ளே ஏறும். இன்ஜின் ஓடாததால் எக்ஸாஸ்ட் நிரம்பும். கரைக்கு வரும்போது பேட்டரிக் கோளாறு தண்ணீர்க் கோளாறாக மாறியிருக்கும். நடைவேகத்தைச் சற்றே தாண்டிய வேகத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. அதைவிட வேகம் தேவைப்பட்டால் பம்பிலிருந்து வரும் குளிர்நீர்க் குழாயை ஒரு கிளாம்ப் கொண்டு இறுக்கிவிடலாம். ஆனால் அந்தக் கிளாம்போடு இன்ஜினை ஓட்டினால் குளிர்நீர் இல்லாமல் எக்ஸாஸ்ட்டின் ரப்பர்க் குழாய்கள் சீக்கிரமே கருகிவிடும். கிளாம்ப் போட்டவர் அதைக் கழற்றும்வரை பாதுகாப்புக் கயிற்றைத் தன் கையிலேயே வைத்திருக்கட்டும்.