சஞ்சிக்கூலி சொல்லிக் கொடுத்த பாடம்

பினாங்குக்குப் போகும் நம்மவர்கள் சூலியா தெருவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நாகூர் ஆண்டவர் தர்கா அந்தத் தெருமுனையில்தான் இருக்கிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் குயின் தெரு மாரியம்மன் கோயிலும் கூப்பிடு தூரம். அடுத்த முறை போகும்போது, வாசகர்களே, கடைகளோடு நின்றுவிடாதீர்கள். அந்தத் தெருவைப் பிடித்துக் கடல் பக்கமாக நடந்து பாருங்கள். பீச் தெருவைத் தாண்டியதும் தெருப்பெயரோடு 'காட்' என்ற சொல் சேர்ந்துகொள்ளும். படித்துறை என்று அதற்குப் பொருள்.

பினாங்குக் கரையில் இரண்டு வகைத் தமிழர்கள் வந்து இறங்கினார்கள். கையில் சரக்கும் மடியில் பணமுமாக, சொந்தச் செலவில் வந்த வணிகர்கள் ஒரு வகை. சூலியா தெரு அவர்களால் பெயர் பெற்றது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கைநாட்டு வைத்துவிட்டு, கப்பல் கூலியைக் கடனாகத் தலையில் சுமந்து வந்த சஞ்சிக்கூலிகள் மற்றொரு வகை. அவர்கள்தாம் நம் பாட்டன் பூட்டன்மார். முதல் வகையினர் கடை திறந்தார்கள். இரண்டாம் வகையினர் கரும்புக் காட்டுக்கும், பின்னாளில் பால்மரக் காட்டுக்கும் போனார்கள்.

இந்த இரண்டு வகையையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதே பிரிவு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டிலும் இருந்தது. அங்கே வணிகர் பக்கம் நின்று வேலையைத் தொடங்கிய ஒரு வழக்கறிஞர், இருபது ஆண்டுகளில் கூலிகளின் பக்கம் வந்து சேர்ந்தார். அவர்தான் காந்தியடிகள்.

வணிகர்களின் வழக்கறிஞர்

ஆங்கிலேயர் தங்கள் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை 1834-இல் ஒழித்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் ஒப்பந்தக் கூலி முறை. மொரீஷியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் மலாயாவுக்கும் நம் மக்கள் போனார்கள். நேட்டாலுக்கு முதல் கப்பல் சென்னையிலிருந்து 1860 நவம்பரில் போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தம் 5 ஆண்டு. இடையில் வேலையை விட்டு ஓடினால் சிறை. சாதாரண வேலைக்காரன் வேலையை விட்டால் அது வெறும் வழக்கு. ஒப்பந்தக் கூலி விட்டால் அது குற்றம்!

1893-இல் காந்தி டர்பனில் இறங்கியது ஒரு குஜராத்தி வணிக நிறுவனத்தின் வழக்குக்காக. 1894-இல் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கினார். சந்தா மாதம் 5 ஷில்லிங். ஒப்பந்தக் கூலியால் அதைக் கட்ட முடியுமா? ஆகவே சங்கத்தில் வணிகரும் குமாஸ்தாக்களும் இருந்தார்கள். கூலிகள் வெளியே நின்றார்கள். வணிகரின் வாக்குரிமை, வணிகரின் உரிமம், வணிகரின் மானம் ஆகியவையே மனுக்களில் முன்னால் நின்றன. ஒப்பந்த முறையே கூடாது என்பது அன்று அவருடைய முதல் கோரிக்கை அன்று. இந்தியரை ஆப்பிரிக்கரோடு ஒன்றாக வைத்து எண்ணலாகாது என்று அந்நாளில் அவர் எழுதியதும் ஏட்டில் இருக்கிறது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தலைவர்களும் படித்துத்தான் தேறுகிறார்கள்.

தலைப்பாகையைக் கையில் பிடித்தவர்

காந்தி வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு நாள் அவருடைய அலுவலகத்துக்கு ஒரு தமிழர் வந்தார். கிழிந்த உடை, முன் பற்கள் இரண்டு உடைந்து வாயில் இரத்தம், உடல் நடுக்கம். அவர் பெயர் பாலசுந்தரம். முதலாளி அடித்துவிட்டான். காந்தியிடம் வேலை பார்த்த தமிழ்க் குமாஸ்தா மூலமாகத்தான் அவர் சொன்னது விளங்கியது.

காந்தி அவரை மருத்துவரிடம் அனுப்பிச் சான்றிதழ் வாங்கினார். நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். முதலாளியைத் தண்டிப்பது அவர் நோக்கமன்று. பாலசுந்தரத்தை அந்த இடத்திலிருந்து விடுவிக்க வேண்டும். ஆனால் கூலியாகப்பட்டவன் தானாக விலக முடியாது. அவனை வேறொரு முதலாளிக்கு மாற்றித்தர மட்டுமே வழி இருந்தது. அப்படியே மாற்றினார்கள். அடித்தவனிடமிருந்து விடுதலை கிடைத்தது, ஒப்பந்தத்திலிருந்து கிடைக்கவில்லை. இந்த முறையின் முழு உருவமும் அந்த ஒரு வழக்கில் தெரிந்துவிடுகிறது அல்லவா?

இன்னொன்றையும் காந்தி கவனித்தார். பாலசுந்தரம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளையர் முன் அப்படி நிற்பது கூலிகளின் வழக்கம். இந்திய வழக்கறிஞர் முன்னும் அப்படியே நின்றார். காந்தி அதைக் கட்டச் சொன்னார். செய்தி பரவியது. கூலிகள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் நேட்டாலில் தங்குகிறவனை மீண்டும் கூலியாக்க ஒரு தந்திரம் செய்தார்கள். 1895-ஆம் ஆண்டுச் சட்டம் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுன் வரி போட்டது. மனைவிக்கும் வரி; 16 வயது தாண்டிய மகனுக்கும், 13 வயது தாண்டிய மகளுக்கும் வரி.

பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 4 பேர் குடும்பத்துக்கு 12 பவுன். அதாவது 240 ஷில்லிங். கணவனின் சம்பளம் மாதம் 14 ஷில்லிங்குக்கு மேல் போகாது என்று காந்தி எழுதுகிறார். ஆண்டுக்கு 168 ஷில்லிங். சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் வரிக்கு இன்னும் 72 ஷில்லிங் குறைகிறது! வேறு வழியில்லாமல் அவன் மீண்டும் கைநாட்டு வைப்பான். அதுதான் அவர்களுக்கு வேண்டியது.

இதை எதிர்த்து மனு எழுதிய காந்தி, அதற்காகப் போராட்டத்தில் இறங்க 18 ஆண்டுகள் ஆயின. 1906-இல் தொடங்கிய சத்தியாக்கிரகம் பதிவுச் சட்டத்தை எதிர்த்தே நடந்தது. அதில் பல வணிகர்கள் மெல்ல விலகிக்கொண்டார்கள். தம்பி நாயுடுவைப் போன்றவர்களும், கூடையைத் தலையில் வைத்து வியாபாரம் செய்த எளிய தமிழர்களும் மீண்டும் மீண்டும் சிறைக்குப் போனார்கள். யார் கடைசி வரை நிற்கிறார்கள் என்பதைக் காந்தி கண்ணால் கண்டார்.

இந்தியாவில் கோபால கிருஷ்ண கோகலே சட்டசபையில் குரல் எழுப்பினார். நேட்டாலுக்கு ஆள் எடுப்பது 1911-இல் நின்றது. 1912-இல், ஒப்பந்த முறையையே ஒழிக்க அவர் கொண்டுவந்த தீர்மானம் அதிகாரிகளின் வாக்குப் பலத்தால் தோற்றது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கா சென்று, வரியை எடுத்துவிடுவதாக அமைச்சர்களிடம் உறுதி பெற்றுத் திரும்பினார். அவர்கள் அதைக் காப்பாற்றவில்லை.

1913: கூலிகளின் போராட்டம்

அப்போதுதான் 3 பவுன் வரி சத்தியாக்கிரகத்தின் கோரிக்கையாயிற்று. அந்தத் தீயை மூட்டியவர்கள் பெண்கள். பெரும்பாலும் தமிழர்களான பதினொரு பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்த் தமிழிலேயே தொழிலாளரிடம் பேசினார்கள். சுரங்கம் நின்றது. அந்தப் பெண்கள் சிறைக்குப் போனார்கள். நவம்பர் 6-ஆம் தேதி 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் எல்லையை நோக்கி நடந்தார்கள்.

காந்தி சிறையில் அடைபட்ட பின் கரும்புத் தோட்டங்களும் நின்றன. அங்கே யாரும் போய் அழைக்கவில்லை; தொழிலாளர்கள் தாங்களே கத்தியைக் கீழே வைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் சிலர் மாண்டார்கள். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, சிறையில் வாங்கிய காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-இல் தம் 16-ஆம் வயதில் உயிர் துறந்தாள்.

விடுதலையான காந்தி, 1913 டிசம்பரில் டர்பன் கூட்டத்துக்கு மொட்டைத் தலையோடு, ஒப்பந்தக் கூலியின் உடையில் வந்து நின்றார். கோட்டும் தலைப்பாகையுமாக வந்திறங்கிய வழக்கறிஞர் எங்கே, இவர் எங்கே! 1914-இல் 3 பவுன் வரி ஒழிந்தது. இந்தியா திரும்பிய பின் அவர் வரியைப் பற்றிப் பேசவில்லை. ஒப்பந்த முறையே கூடாது என்றார். 1917-இல் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது.

அமெரிக்காவின் ஆபிரகாம் லிங்கனும் இப்படித்தான் படிப்படியாக வந்தவர். 1861-இல் பதவி ஏற்றபோது, அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் அதில் தலையிடும் எண்ணமில்லை என்றார். அடுத்த மாதமே உள்நாட்டுப் போர் மூண்டது. 1863 சனவரி 1-இல், எதிர்த்து நின்ற மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தார். அடிமையாயிருந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ் அவரை விடாமல் இடித்துரைத்தார்.

நம் கரையில்

மலாயாவில் இந்தியச் சஞ்சிக்கூலி முறை 1910-இல் நின்றது. ஆனால் கங்காணி முறை தொடர்ந்தது. கடனும் பிரட்டும் லயனும் தொடர்ந்தன. கோகலேயின் சீடர் சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து பார்த்து 1937-இல் அறிக்கை தந்தார். 1938-இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது.

பெற்றோர்களே, 'சஞ்சிக்கூலி' என்ற சொல்லைக் கேட்டால் நம் பிள்ளைகள் தலை குனிகிறார்கள். வகுப்பில் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பாலசுந்தரத்தின் கதையைச் சொல்லுங்கள். மகாத்மாவுக்குப் பாடம் சொன்னவர்களில் ஒரு சஞ்சிக்கூலியும் உண்டு என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இன்று நம் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தைக் கடனாகச் சுமந்து வந்தவர்கள் அவர்களில் பலர். பக்கத்து வீட்டில் தங்கியிருக்கும் அந்தப் பையனை நம் பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். நம் பாட்டனாரை எப்படிக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ, அப்படியே அவரையும் கூப்பிடக் கற்றுக்கொடுங்கள்.