உடலுக்கு வெளியே கருவுறுதல்

மகப்பேறின்மைக்குப் பெண்ணையே குறைகூறுவது நெடுநாளைய வழக்கம். காரணம் ஆணிடமும் இருக்கலாம்.

முட்டையும் விந்தணுவும் இயல்பாகக் கூடுமிடம் கருக்குழாய். அது அடைபட்டாலும், விந்தணுக்கள் மிகக் குறைந்தாலும் கருவுறுதல் தடைப்படும். அத்தடையைக் கடக்க, ஹார்மோன் மருந்துகளால் பல முட்டைகளை முதிரச்செய்து, மெல்லிய ஊசியின் வழியே வெளியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் விந்தணுக்களுடன் சேர்க்கின்றனர். இவ்வாறு உண்டான கருவை 3 முதல் 5 நாட்கள் வளர்த்துக் கருப்பையில் வைக்கின்றனர்.

இம்முறையால் முதற் குழந்தை 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயரின் முயற்சியால் மற்றொரு குழந்தை பிறந்தது.

எனினும் சிகிச்சை ஒவ்வொரு முறையும் பலிப்பதில்லை. பெண்ணின் வயது ஏற ஏற வெற்றிவாய்ப்புக் குறையும். ஆகவே, ஓராண்டு கூடி வாழ்ந்தும் கருத்தரிக்காத தம்பதியர் இருவரையுமே காலந்தாழ்த்தாது பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். பெண்மீது சுமத்தப்படும் பழி நீங்குவதற்கும் அதுவே முதற்படியாகும்.